ஈரத்தரை, கவனம்

இரவு பதினொன்றரைக்கு மேல்
காப்பீட்டுக் கம்பெனியின் முன்கூடம் என் பொறுப்பு.
மஞ்சள் பலகைகளை விரித்து நிறுத்துவேன்.
அதில் ஒருவன் எப்போதும் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கிறான்.
பிறகு வாளி, மாப்,
வரப்போகும் முழங்கால் வலிக்கு இப்போதே ஒரு மாத்திரை.

வெளியே வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
இமைமுடியில் பனி கட்டும்.
உள்ளே, தண்ணீர் பட்டதும்,
தரையிலிருந்து வெதுவெதுப்பான ஒரு கடல் மேலே வருகிறது.

உலர்ந்த கல் வாய் திறக்காது.
நனைத்தால் பேசும்.
முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொல்வேன்,
கல்லை நக்கிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள் என்று.
இங்கே நக்க வேண்டியதில்லை.
அறுநூறு சதுர மீட்டர். நனைக்கச் சம்பளமே தருகிறார்கள்.

லிப்ட் வாசலில் நீண்ட ஓட்டோடு ஒரு கணவாய்,
என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை.
வரவேற்பு மேசைக்கு அடியில்
நாற்பத்தைந்து கோடி வருடமாகக் கண்ணி அறாத சங்கிலிப் பவளம்.
சன்னலோரம் பெரிய நத்தை.
தினமும் அதன் மேல்தான் யாரோ காபியைச் சிந்துகிறார்கள்.

என் பெயர் லெத்தெப்ரஹான்.
சட்டையில் குத்திய அட்டையில் லெட்டி.
மெக்கெலேயில், சுண்ணாம்புப் பாறைகளில், முனைவர்.
அதை இங்கே நிரூபிக்க
நான் நிரப்பிய படிவங்கள் ஒன்பது.
காலடியில் கிடக்கும் படிவங்களை
யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.
மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு
நேராக அனுப்ப வேண்டுமாம்.
ஒன்றரை வருடம் அந்த ஊரின் தொலைபேசிகள் ஊமை.
ஒருநாள் மணி அடித்தது. எடுத்தவர் சொன்னார்:
"நான் பதிவாளர் இல்லை, தாயே.
கதவு இருக்கிறது, காவல் இருக்கிறேன்.
அலமாரிதான் இல்லை."

மேற்பார்வையாளர் ரொமுவால்டோ, இலோய்லோக்காரர்.
கப்பலில் பதினோரு வருடம் இரண்டாம் இன்ஜினியர்.
நேற்று ஒரு புது டப்பா கொண்டுவந்தார், எலுமிச்சை மணம்.
"ஆபீஸ் உத்தரவு. பளபளக்குமாம்."
பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். அமிலம்.
"இங்கே ஊற்றக் கூடாது."
"பாய்லரையே இதில் கழுவியிருக்கிறேன், லெட்டி."
"பாய்லரில் நீங்கள் கரைத்து எறிந்தது எதுவோ
அதுதான் இந்தத் தரை முழுக்க."

அவர் சிரிக்கவில்லை.
இரண்டு பேரும் மண்டியிட்டோம்,
தொட்டிச் செடிக்குப் பின்னால், எவர் கண்ணும் படாத மூலையில்.
ஒரு சொட்டு.
சோடா பாட்டிலில் காது வைத்தாற்போல் சன்னமாக ஒரு இரைச்சல்.
நுரை.
"என்ன அது?"
"மூச்சு," என்றேன். "அந்தக் கடல் அடக்கி வைத்திருந்தது.
இப்போதுதான் விடுகிறது."
துடைத்துப் பார்த்தால்
சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளுத்திருந்தது கல்.

டப்பாவை அவர் தன் காரில் கொண்டுபோய்ப் போட்டார்.
பதிவேட்டில் எழுதினார்: புது மருந்து உபயோகிக்கப்பட்டது.
கையெழுத்து மட்டும் இன்னும்
எண்ணெய் பிசுக்கான கப்பல் ஏட்டில் போட்ட அதே கையெழுத்து.

திரும்பி வந்து, லிப்ட் வாசலைக் காட்டி,
"இதற்குப் பெயர் உண்டா?" என்றார்.
சொன்னேன். லத்தீன் பெயர், முழுசாக,
ஆறு வருடத்தில் முதல்முறை வாய்விட்டு.
நாக்குக்குப் பழக்கம் விட்டிருந்தது.
நடுவில் ஓர் அசையில் வழுக்கினேன்,
பலகையில் இருப்பவனைப் போல.
அவர் தன் ஊர் இழுவையோடு திருப்பிச் சொன்னார். தப்பு.
திருத்தினேன்.
மறுபடி சொன்னார். மறுபடி தப்பு.
கொஞ்சம் குறைவான தப்பு.

ஐந்தே முக்காலுக்கு முதல் பூட்ஸ் வரும்,
சாலை உப்பைச் சுமந்துகொண்டு.
தரை காய்ந்துவிட்டது. கல் வாயை மூடிக்கொண்டது.
பலகைகளை மடக்கினேன்.
கணவாய் மேல் நிற்பதை மட்டும் எடுக்கவில்லை.
சுற்றிப் போகட்டும்.